ஷுல்ட்: ஒரே ஜெர்மன் சொல்லில் கடனும் குற்றமும்

ஜெர்மனியின் தெற்கிலோ ஆஸ்திரியாவிலோ ஒரு சின்னக் கடையில் காபி குடித்து முடித்தவர், கல்லாவில் நிற்பவரிடம் "வாஸ் பின் இஷ் ஈனன் ஷுல்டிக்?" என்று கேட்பார். உங்களுக்கு நான் எவ்வளவு தர வேண்டும் என்று அர்த்தம். அதே ஊர் நீதிமன்றத்தில் கொலை வழக்கின் தீர்ப்பிலும் இதே 'ஷுல்டிக்' வரும். அங்கே அதற்குக் 'குற்றவாளி' என்று பொருள். இதன் பெயர்ச்சொல் 'ஷுல்ட்'. கடன், குற்றம், பழி, காரணம், நன்றிக்கடன் என்று இடத்துக்கு இடம் பொருள் மாறும் சொல் இது.

2010-ல் கிரேக்கத்தின் கடன் நெருக்கடி முற்றியபோது இந்தச் சொல் உலகப் பத்திரிகைகளில் ரொம்பவே அடிபட்டது. "ஜெர்மானியர்களுக்குக் கடன் என்றாலே குற்றம். அவர்கள் மொழியிலேயே இரண்டும் ஒன்றுதான். அதனால்தான் கடன்பட்ட நாட்டிடம் இத்தனை கறாராக இருக்கிறார்கள்" என்று பலரும் எழுதினார்கள். ஜெர்மன் பட்ஜெட்டைப் பற்றி எழுதுபவர்கள் இன்றும் இந்த விளக்கத்தைக் கையில் எடுக்கிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இதில் பாதிதான் உண்மை என்பது என் எண்ணம். ஒரு நாட்டின் நிதிக் கொள்கையை அகராதி தீர்மானிப்பதில்லை. அதே சமயம், இந்தச் சொல்லுக்குள் இருக்கும் இரண்டு பொருள்களையும் ஜெர்மன் மொழி பேசுபவர்கள் ஆயிரம் வருடங்களுக்கு மேலாக முடிச்சுப் போட்டும் அவிழ்த்தும் வந்திருக்கிறார்கள். அது தேவாலயத்திலும் நீதிமன்றத்திலும் சமாதான ஒப்பந்தங்களிலும் நடந்திருக்கிறது. அந்த வரலாறு தெரிந்தால் மேலே சொன்ன ஒற்றை வரி விளக்கம் போதாது என்பது தானாகவே தெரியும்.

முதலில் இன்றைய வழக்கு. ஒருமையில் 'ஷுல்ட்' என்றால் பெரும்பாலும் குற்றம் அல்லது பழி. பன்மையில் 'ஷுல்டன்' என்றால் பணக் கடன். "எனக்கு ஷுல்டன் இருக்கிறது" என்று ஒருவர் சொன்னால், வங்கிக்கோ கடைக்கோ பணம் பாக்கி என்றுதான் கேட்பவருக்குப் புரியும். அவர் மனசாட்சி உறுத்திக் கிடக்கிறார் என்று யாருக்கும் தோன்றாது. ஒருமை, பன்மை என்ற இந்த வேறுபாடே அன்றாடப் பேச்சில் குழப்பம் வராமல் பார்த்துக்கொள்கிறது.

ஆனால் எல்லை அத்தனை கறாரானது இல்லை. "ஒரு ஷுல்டைத் தீர்த்துவிட்டேன்" என்று ஒருமையிலும் கடனைச் சொல்லலாம். "உங்கள் ஷுல்டில் நிற்கிறேன்" என்றால் உங்களுக்கு நன்றிக்கடன் பட்டிருக்கிறேன் என்று பொருள். ரயில் தாமதமானால் "புயல்தான் ஷுல்ட்" என்பார்கள். புயல் எந்தப் பாவமும் செய்யவில்லை, இங்கே அது வெறும் காரணம். அலுவலகங்களில் 'பிரிங்ஷுல்ட்', 'ஹோல்ஷுல்ட்' என்று இரண்டு சொற்கள் புழங்குகின்றன. கொடுக்க வேண்டியவர் தானே கொண்டுவந்து தர வேண்டியது முதலாவது. வாங்க வேண்டியவர் போய்ப் பெற்றுக்கொள்ள வேண்டியது இரண்டாவது. கடன் சட்டத்தில் பிறந்த இந்த இரண்டு சொற்களையும் இப்போது மின்னஞ்சல் விஷயத்துக்குக்கூடப் பயன்படுத்துகிறார்கள். "தகவல் என்பது பிரிங்ஷுல்ட்" என்று மேலதிகாரி சொன்னால், நான் வந்து கேட்கும்வரை காத்திருக்காதே, நீயே வந்து சொல் என்று அர்த்தம்.

வினைச்சொல்லில் இன்னொரு சிக்கல். 'ஃபெர்ஷுல்டன்' என்றால் ஒரு விபத்துக்கோ நஷ்டத்துக்கோ தன் தவறால் காரணமாவது. அதே வினை தற்சுட்டாக, அதாவது 'தன்னை' என்ற சொல்லோடு வந்தால், கடனில் மூழ்குவது. 'ஃபெர்ஷுல்டெட்' என்ற ஒரே எச்சம், ஒருவர் ஏற்படுத்திய விபத்தையும் குறிக்கும், கடனாளியான ஒரு குடும்பத்தையும் குறிக்கும். கூட்டத்தில் யார் மீதாவது இடித்துவிட்டால் சொல்லும் 'என்ட்ஷுல்டிகுங்' என்ற மன்னிப்புச் சொல்லும் இதே குடும்பம்தான். அதிலிருந்து 'இக்' என்ற அசையை எடுத்துவிட்டால் 'என்ட்ஷுல்டுங்', அதாவது கடன் தள்ளுபடி. ஏழை நாடுகளின் கடனை ரத்து செய்யச் சொல்லிப் போராடுபவர்களின் பதாகைகளில் இருக்கும் சொல் இது.

இத்தனை பொருள்களும் எங்கிருந்து கிளைத்தன? இன்றைய ஜெர்மனின் மிகப் பழைய வடிவமான பழைய உயர் ஜெர்மனில் இந்தச் சொல் 'ஸ்குல்ட்'. அதன் தாய் 'ஸ்கொலன்' என்ற வினைச்சொல்: 'தர வேண்டியிருத்தல், செய்ய வேண்டியிருத்தல்'. அந்த வினை காலப்போக்கில் 'க்' ஒலியை இழந்து இன்றைய 'ஸொல்லன்' ஆகிவிட்டது. "நீ இதைச் செய்ய வேண்டும்" என்று சொல்ல ஜெர்மனில் தினமும் பயன்படும் துணைவினை அதுதான். ஆங்கிலத்தின் 'ஷல்', 'ஷுட்' இரண்டும் அதே வேரிலிருந்து வந்தவை. பழைய ஆங்கிலத்தில் அந்த வினைக்குக் 'கடன்பட்டிருத்தல்' என்ற பொருளும் இருந்தது. லிதுவேனிய மொழியில் கடனுக்கு 'ஸ்கோலா' என்பார்கள், அதுவும் உறவுதான். ஸ்காண்டிநேவியாவின் நோர்ஸ் புராணத்தில் மனிதர்களின் விதியை நிர்ணயிக்கும் மூன்று தேவதைகளில் ஒருத்தியின் பெயர் ஸ்குல்ட். வர வேண்டியது, நடந்தே தீர வேண்டியது என்ற பொருளை அந்தப் பெயரில் காணலாம்.

ஆக, அடிப்படைப் பொருள் பணமும் இல்லை, பாவமும் இல்லை. 'செய்தாக வேண்டியது' என்பதுதான். தமிழ் வாசகருக்கு இது எளிதில் பிடிபடும். "என் கடன் பணி செய்து கிடப்பதே" என்று அப்பர் பாடுகிற கடன், வட்டிக் கடன் இல்லையே. நம் 'கடன்' என்ற சொல்லும் கடமையையும் வாங்கிய பணத்தையும் சேர்த்தே சுமக்கிறது. ஆனால் தமிழில் அந்தக் கிளை அங்கேயே நின்றுவிட்டது. கடனைச் செய்யத் தவறுவதைக் கடன் என்று நாம் சொல்வதில்லை, அதற்குக் குற்றம், பிழை, பாவம் என்று வேறு சொற்கள் உண்டு. ஜெர்மனில் செய்ய வேண்டியதும் ஷுல்ட், அதைச் செய்யாமல் விட்டதும் ஷுல்ட்.

இந்த இரண்டாவது கிளைக்கு வழிகோலியது பழைய ஜெர்மானியர்களின் நீதிமுறையாக இருக்கலாம். 6-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிராங்க் இனத்தாரின் அரசர் க்ளோவிஸ் காலத்தில் தொகுக்கப்பட்ட சாலிக் சட்டம், சுதந்திரமான ஒரு பிராங்கைக் கொன்றால் 200 சாலிடஸ் காசு தர வேண்டும் என்கிறது. இதற்கு 'வேர்கெல்ட்' என்று பெயர். ஆளுக்கான பணம். கொன்றவனைத் தூக்கில் போடுவதைவிட, இறந்தவனின் குடும்பம் பழிவாங்கக் கிளம்பாமல் ஒரு தொகையில் விவகாரத்தை முடிப்பதுதான் நோக்கம். கை, கண், விரல் என்று ஒவ்வொரு காயத்துக்கும் ஒரு விலை இருந்தது. அப்படிப்பட்ட சமூகத்தில் குற்றம் செய்தவன் என்றால் உடனே ஏதோ தர வேண்டியவன். அங்கே குற்றத்துக்கும் கடனுக்கும் தனித்தனிச் சொல் எதற்கு?

அந்தக் காலத்தின் இன்னொரு எச்சம் ஜெர்மனியின் தொலைபேசிப் புத்தகங்களில் பக்கம் பக்கமாகக் கிடக்கிறது. 'ஷுல்ட்ஹைஸ்' என்று ஒரு பதவி. ஷுல்டைச் செலுத்தும்படி கட்டளையிடுபவர் என்று பொருள். ஊரார் தங்கள் பிரபுவுக்குத் தர வேண்டிய தானியம், செய்ய வேண்டிய உழைப்பு, கட்ட வேண்டிய வரி எல்லாவற்றையும் கேட்டு வாங்குபவர் அவர். பல இடங்களில் அவரே ஊர் நீதிமன்றத்துக்கும் தலைவர். 7-ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் ஆண்ட லொம்பார்டுகள் என்ற ஜெர்மானிய இனத்தாரின் சட்டத்திலேயே இந்தப் பதவியின் பெயர் லத்தீன் வாக்கியங்களுக்கு நடுவில் வருகிறது. பதவி தேய்ந்து குடும்பப் பெயராயிற்று. ஷுல்ஸ், ஷுல்ட்ஸெ, ஷுல்டெ, ஷோல்ஸ் எல்லாம் அதன் வடிவங்கள். 2018 முதல் நிதியமைச்சராகவும் 2021 டிசம்பர் முதல் 2025 மே வரை சான்சலராகவும் இருந்த ஓலாஃப் ஷோல்ஸின் குடும்பப் பெயரும் இதுதான். அவருடைய அரசு கடனைப் பற்றிய சண்டையில்தான் உடைந்தது. அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

சரி, பாவம் என்ற பொருள் ஆழமாகப் பதிந்தது எப்போது? ஜெர்மானிய மக்கள் கிறிஸ்தவத்துக்கு வந்தபோது அவர்களுக்கு முதலில் மொழிபெயர்த்துத் தர வேண்டியிருந்த வாசகங்களில் ஒன்று கர்த்தருடைய ஜெபம். மத்தேயு நற்செய்தியின் கிரேக்க மூலத்தில் அந்த இடத்தில் இருப்பது நேரடியாகக் 'கடன்கள்' என்ற சொல். இயேசு பேசிய அரமேயத்தில் கடனுக்கும் பாவத்துக்கும் ஒரே சொல் இருந்ததால்தான் கிரேக்கத்தில் அப்படி வந்தது என்பது அறிஞர்களின் பொதுவான விளக்கம். லூக்கா நற்செய்தியில் அதே ஜெபம் "எங்கள் பாவங்களை" என்று ஆரம்பித்து, "எங்களிடத்தில் கடன்பட்ட" எவருக்கும் நாங்களும் மன்னிக்கிறோம் என்று முடிகிறது. அந்த இரட்டைப் பொருளின் தழும்பு லூக்காவின் வரியில் அப்படியே தெரிகிறது.

4-ஆம் நூற்றாண்டில் பேராயர் உல்ஃபிலா இதைக் கோத்திக் என்ற பழைய ஜெர்மானிய இன மொழிக்குக் கொண்டுபோனார். அவருடைய மொழிபெயர்ப்பில் 'ஸ்குலம் உன்சரைம்' என்று வருகிறது. 'எங்களுக்குத் தர வேண்டியவர்களுக்கு' என்று பொருள். அதன் முக்கியமான பிரதி, ஊதா நிறத் தோலில் வெள்ளி எழுத்துகளில் எழுதப்பட்டது, ஸ்வீடனின் உப்சாலாவில் இன்றும் இருக்கிறது. 8-ஆம் நூற்றாண்டில் சுவிட்சர்லாந்தின் சாங்க்ட் காலன் மடத்தோடு பெயர் சேர்ந்த ஜெபத்தில் 'ஓப்லாஸ் உன்ஸ் ஸ்குல்டி உன்ஸெரோ' என்றிருக்கிறது. எங்கள் ஷுல்டுகளை விட்டுவிடும் என்று அர்த்தம். ஜெர்மன் மொழியில் கிடைத்திருக்கும் மிகப் பழைய வாசகங்களில் இதுவும் ஒன்று, அதிலேயே நம் சொல் வந்துவிட்டது.

பிறகு 16-ஆம் நூற்றாண்டில் சபைச் சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூத்தர். "எங்கள் ஷுல்டை மன்னியும், நாங்கள் எங்கள் ஷுல்டிகர்களை மன்னிப்பதுபோல" என்று அவர் எழுதினார். இந்த 'ஷுல்டிகர்' என்ற சொல்லை இன்று ஜெபத்துக்கு வெளியே கேட்பது அபூர்வம். கடனாளியைச் சொல்ல 'ஷுல்ட்னர்' இருக்கிறது, குற்றவாளியைச் சொல்ல 'ஷுல்டிகெ' இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் நிற்கும் ஒரு வடிவம், எந்தப் பக்கமும் சாயாமல், ஞாயிற்றுக்கிழமை தோறும் கோடிக்கணக்கான வாய்களில் வாழ்கிறது. கத்தோலிக்கத் திருப்பலியில் இது இன்னும் தெளிவு. தொடக்கத்தில் மார்பில் தட்டிக்கொண்டு "என் பாவமே, என் பாவமே, என் பெரும் பாவமே" என்று நம் ஊரில் சொல்லும் இடத்தில், ஜெர்மானியர்கள் "என் ஷுல்டால், என் ஷுல்டால், என் பெரிய ஷுல்டால்" என்கிறார்கள். லத்தீனில் அது 'குல்பா', குற்றம். அதே திருப்பலியில் சற்றுப் பிறகு கர்த்தருடைய ஜெபம் வரும்போது லத்தீனில் இருப்பது 'தேபிதா', கடன்கள். ஜெர்மனில் இரண்டு இடத்திலும் ஷுல்ட்.

தமிழுக்கும் இந்த ஜெபம் ஜெர்மானியர் ஒருவர் கைவழியாகவும் வந்தது. 1706-ல் தரங்கம்பாடிக்கு வந்து, 1715-ல் தமிழ்ப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்த சீகன்பால்க், லூத்தரின் ஜெபத்தைச் சொல்லி வளர்ந்தவர். இன்று சீர்திருத்தச் சபைகளில் வாசிக்கும் தமிழ் வேதாகமத்தின் மத்தேயுவில் "எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்" என்றே இருக்கிறது. முதல் தடவை கேட்பவருக்குக் கடனை மன்னிப்பதா என்று வித்தியாசமாகப் படும். கத்தோலிக்கர்களின் தமிழ் ஜெபம் "எங்கள் பாவங்களைப் பொறுத்தருளும்" என்கிறது. தமிழ் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தாக வேண்டியிருந்தது. ஜெர்மனுக்கு அந்தக் கட்டாயமே வரவில்லை.

இந்தச் சொல்லை வைத்து ஒரு தத்துவத்தையே கட்டியவர் ஜெர்மன் தத்துவவாதி நீட்சே. 1887-ல் வெளியான அறநெறியின் வம்சாவளி பற்றிய நூலின் இரண்டாம் கட்டுரையில், ஷுல்ட் என்ற அறக் கருத்து, ஷுல்டன் என்ற ரொம்பவும் உலகியலான கருத்திலிருந்து பிறந்தது என்று வாதிட்டார். கடன் கொடுத்தவனுக்கும் வாங்கியவனுக்கும் இடையிலான உறவுதான் மனிதனுக்கும் மனிதனுக்கும் இடையிலான மிகப் பழைய உறவு. திருப்பித் தராதவனின் உடலை வதைக்கும் உரிமை கொடுத்தவனுக்கு இருந்தது. தண்டனையும் மனசாட்சியும் அதிலிருந்து முளைத்தவை. அவர் வாதத்தின் சாரம் இது. கடனாளியின் உடலைப் பங்கிட்டு வெட்டிக்கொள்ள அனுமதித்த பண்டைய ரோமின் பன்னிரண்டு பலகைச் சட்டத்தைச் சான்றாகக் காட்டுகிறார்.

நீட்சே 24 வயதிலேயே பாசல் பல்கலைக்கழகத்தில் செம்மொழிப் பேராசிரியர் ஆனவர். சொற்களின் வரலாறு அவருக்குத் தெரியாத துறை இல்லை. உளவியல் நோக்கில் அவர் வாதம் கூர்மையானது என்றே நினைக்கிறேன். ஆனால் சொல்லின் வரலாற்றை மட்டும் வைத்துப் பார்த்தால், பணம் முதலில், அறம் பிறகு என்ற வரிசை நிற்கவில்லை. நமக்குக் கிடைக்கும் பழைய எழுத்துகளில் இரண்டு பொருளும் சேர்ந்தே இருக்கின்றன. வேர்ச்சொல்லோ இரண்டுக்கும் முந்தைய பொதுவான கடப்பாட்டைத்தான் சொல்கிறது. நாணயம் அதிகம் புழங்காத ஒரு சமூகத்தில் ஷுல்ட் என்பது தானியமாகவும் உழைப்பாகவும் விசுவாசமாகவும் இருந்திருக்கும். இரண்டு கிளைகளும் ஒரே அடிமரத்தில் முளைத்தவை, ஒன்றிலிருந்து மற்றொன்று வந்ததாகச் சொல்ல ஆதாரம் போதாது.

நவீன ஜெர்மன் சட்டம் இந்த முடிச்சை அவிழ்க்கப் பெரும்பாடு பட்டிருக்கிறது. 1900 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்த உரிமையியல் சட்டத் தொகுப்பின் இரண்டாம் பகுதி முழுவதும் 'ஷுல்ட் உறவுகள்' பற்றியது. அங்கே இந்தச் சொல்லில் பழியின் நிழல்கூடக் கிடையாது. காலையில் ரொட்டி வாங்கும்போது பணம் தர வேண்டிய நீங்கள் ஷுல்ட்னர், ரொட்டி தர வேண்டிய கடைக்காரரும் ஷுல்ட்னர். எதிர்த்தரப்புக்கு 'க்ளொய்பிகர்' என்று பெயர். நம்புபவர். லத்தீனின் 'கிரெடிடோர்' என்ற சொல்லைப் பார்த்து அமைத்தது. கோயிலில் கடவுளை நம்புபவரைச் சொல்லும் சொல்லும் இதற்கு ஒட்டிப்பிறந்ததுதான். குற்றவியல் சட்டத்தில் ஷுல்ட் என்றால் முழுக்க வேறு பொருள். 1952-ல் கூட்டாட்சி உச்ச நீதிமன்றம் "ஷுல்ட் என்பது பழிசொல்லத் தக்கதாக இருத்தல்" என்று வரையறுத்தது. 14 வயது நிறையாத குழந்தைக்குச் சட்டப்படி ஷுல்ட் கிடையாது. செயல் நடந்திருக்கும், பழி இருக்காது.

விவாகரத்தில்தான் இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று மோதின. 1977 ஜூலை வரை மேற்கு ஜெர்மனியில் ஒரு திருமணம் முறிந்தால் பெரும்பாலும் யாருடைய ஷுல்ட் என்று நீதிமன்றம் தீர்ப்பில் எழுதும். குற்றம் தன் பக்கம் என்று எழுதப்பட்ட மனைவிக்கு ஜீவனாம்சம் போய்விடும் அபாயம் இருந்தது. ஒருவர் மேல் விழுந்த பழி, மற்றவர் தர வேண்டிய பணத்தையே அழித்துவிடும். யார் யாரோடு எங்கே போனார் என்று சாட்சி விசாரித்து, படுக்கையறை விவரங்களைச் சபைக்குக் கொண்டுவந்து எத்தனையோ பெண்களை அந்த முறை அவமானப்படுத்தியது. 1977-ல் நடைமுறைக்கு வந்த சீர்திருத்தம் அந்தக் கேள்வியை நீக்கியது. திருமணம் சிதைந்துவிட்டதா என்று மட்டும் பார்த்தால் போதும் என்றானது. ஆஸ்திரியாவில் தவறைக் காரணம் காட்டும் விவாகரத்து இன்றும் உண்டு.

நொடித்துப்போன தனிமனிதர்களுக்கான சட்டமும் கவனிக்கத் தக்கது. 1999 முதல் ஜெர்மனியில் கடனில் மூழ்கிய ஒருவர், சொத்தை ஒப்படைத்து, சில வருடங்கள் சம்பளத்தின் ஒரு பகுதியைக் கட்டி, மிச்சக் கடனிலிருந்து விடுதலை பெறலாம். அதற்கு 'மிச்ச ஷுல்ட் விடுதலை' என்றே பெயர். ஜெபத்தில் வரும் சொற்றொடர்போல இருக்கிறது. காத்திருக்க வேண்டிய காலத்துக்கு 'நன்னடத்தைக் காலம்' என்று பெயர். சட்டத்தின் முதல் பிரிவே இந்த வாய்ப்பு 'நேர்மையான கடனாளிக்கு' என்கிறது. வேலை தேட வேண்டும், வருமானத்தை மறைக்கக் கூடாது, வீடு மாறினால் தெரிவிக்க வேண்டும். தொடக்கத்தில் இந்தக் காலம் ஏழு வருடம், பிறகு ஆறு, 2020 அக்டோபர் முதல் தந்த விண்ணப்பங்களுக்கு மூன்று. கடனைத் தார்மீகத்திலிருந்து பிரித்ததாகச் சொல்லிக்கொள்ளும் சட்டத்துக்குள் தார்மீகம் எங்கே ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று யாராவது கேட்டால் இந்த இடத்தைத்தான் காட்டுவேன். மூன்று வருடமாகக் குறைத்தது நல்ல மாற்றம். வேலை போய், நோய் வந்து, மணமுறிவு நேர்ந்து கடனாளியானவரை ஏழு வருடம் நன்னடத்தையில் வைப்பதில் என்ன நியாயம்?

இந்தச் சொல் ஒரு நாட்டின் தலையெழுத்தோடு பின்னிக்கொண்டது 1919-ல். முதல் உலகப் போருக்குப் பிறகு ஜூன் 28 அன்று கையெழுத்தான வெர்சாய் சமாதான ஒப்பந்தத்தின் 231-ஆம் பிரிவு, ஜெர்மனியும் அதன் கூட்டாளிகளும் ஏற்படுத்திய எல்லா இழப்புகளுக்கும் சேதங்களுக்கும் அவர்கள் பொறுப்பு என்கிறது. அமெரிக்கச் சட்ட நிபுணர்களின் பங்களிப்போடு எழுதப்பட்ட வாசகம் அது. இழப்பீடு கேட்பதற்குச் சட்ட அடித்தளம் போடுவதுதான் அதன் வேலை. அடுத்த பிரிவே, முழு இழப்பையும் ஈடுகட்ட ஜெர்மனியிடம் வளம் போதாது என்று ஒப்புக்கொள்கிறது. ஆஸ்திரியாவுடனும் ஹங்கேரியுடனும் செய்த ஒப்பந்தங்களிலும் இதே மாதிரிப் பிரிவுகள் உண்டு.

அந்தப் பிரிவின் ஆங்கில மூலத்தில் 'குற்றம்' என்ற சொல் இல்லை. ஜெர்மன் வாசகத்தில் 'ஷுல்ட்' என்ற சொல்லும் இல்லை. பொறுப்பு என்றும், காரணகர்த்தா என்றும்தான் இருக்கிறது. ஆனால் ஜெர்மனியில் அதற்குக் கிடைத்த பெயர் 'போர் ஷுல்ட் பிரிவு'. தர வேண்டிய பணத்துக்கான அடிப்படையை, ஒரு தேசத்தின் மேல் விழுந்த குற்றத் தீர்ப்பாக மக்கள் வாசித்தார்கள். வெளியுறவு அமைச்சகம் இதை மறுப்பதற்கென்றே ஒரு தனிப் பிரிவு வைத்து ஆவணங்களையும் கட்டுரைகளையும் வெளியிட்டது. 'போர் ஷுல்ட் பொய்' என்பது வலதுசாரிகளின் கோஷமாயிற்று. 1937 ஜனவரி 30 அன்று ஹிட்லர் நாடாளுமன்றத்தில் அந்தப் பிரிவுக்கான ஜெர்மனியின் கையெழுத்தைத் திரும்பப் பெறுவதாகவே அறிவித்தார்.

குற்றம் என்ற பக்கம் இப்படிக் கொந்தளித்தபோது, கடன் என்ற பக்கம் தன் போக்கில் நடந்தது. 1921-ல் நிர்ணயித்த தொகை 132 பில்லியன் தங்க மார்க். அதில் பெரும்பகுதி காகிதத்தில் மட்டும் இருந்த எண். 1932-ல் லோசான் மாநாட்டோடு இழப்பீடு நடைமுறையில் நின்றது. ஆனால் அதைக் கட்டுவதற்காக 1924-லும் 1930-லும் வெளியிட்ட கடன் பத்திரங்கள் மிஞ்சின. 1953 பிப்ரவரியில் லண்டனில் எட்டிய உடன்பாட்டில் மேற்கு ஜெர்மனியின் வெளிநாட்டுக் கடன் ஏறக்குறையப் பாதியாகக் குறைக்கப்பட்டது. விட்டுக்கொடுத்த நாடுகளில் கிரேக்கமும் ஒன்று. சில வட்டிப் பாக்கிகள் நாடு ஒன்றிணையும் நாள் வரைக்கும் தள்ளிவைக்கப்பட்டன. 1990-ல் நாடு ஒன்றிணைந்தது, பாக்கி மறுபடி உயிர்பெற்றது, கடைசித் தவணை 2010 அக்டோபர் 3 அன்று கட்டப்பட்டது. முதல் உலகப் போர் முடிந்து ஏறத்தாழ 92 வருடம் கழித்து.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு யாரும் ஷுல்ட் என்ற சொல்லை மறுக்கும் நிலையில் இல்லை. ஆனால் எந்த ஷுல்ட்? யூதப் பெண்ணை மணந்ததற்காக 1937-ல் பேராசிரியர் வேலையை இழந்த தத்துவவாதி கார்ல் யாஸ்பர்ஸ், 1945-46 குளிர்காலத்தில் ஹைடல்பெர்க் மாணவர்கள் முன் இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டார். அந்த உரைகள் 1946-ல் நூலாயின. அவர் ஷுல்டை நான்காகப் பிரித்தார். சட்டத்தை மீறியவனின் குற்றம், அதற்கு நீதிபதி நீதிமன்றம். தன் அரசு செய்ததற்குக் குடிமக்கள் சுமக்கும் அரசியல் ஷுல்ட், அதற்கு நீதிபதி வென்றவர்கள். ஒருவன் தான் செய்ததற்குத் தன் மனசாட்சி முன் நிற்கும் ஒழுக்க ஷுல்ட். கடைசியாக, அக்கம்பக்கத்து யூதர்கள் இழுத்துச் செல்லப்பட்டபோது நாம் உயிரோடு இருந்தோமே என்பதற்கான ஷுல்ட், அதைக் கடவுள் ஒருவரே விசாரிக்க முடியும். ஒரு மக்கள் கூட்டம் முழுவதையும் குற்றவாளி என்று சொல்ல முடியாது, ஆனால் அரசியல் பொறுப்பிலிருந்து யாரும் நழுவவும் முடியாது என்றார். இழப்பீடு கட்டுவது அந்த இரண்டாவது வகையில் வரும். ஷுல்ட் என்ற முடிச்சை யாஸ்பர்ஸ் அளவுக்குப் பொறுமையாகப் பிரித்துக் காட்டியவர் வேறு யாரும் இல்லை என்பேன்.

1952 செப்டம்பர் 10 அன்று லக்சம்பர்கில் கையெழுத்தான உடன்பாட்டின்படி மேற்கு ஜெர்மனி இஸ்ரேலுக்கு 3 பில்லியன் மார்க்கும், உலக யூத அமைப்புகளின் கூட்டமைப்புக்கு 450 மில்லியன் மார்க்கும் தர ஒப்புக்கொண்டது. அந்த வருட ஜனவரியிலேயே ஜெருசலேமில் பெரும் போராட்டம். ரத்தத்துக்குப் பணம் வாங்குவதா என்று எதிர்த்தவர்களுக்கு, பின்னாளில் இஸ்ரேலின் பிரதமரான மெனாஹெம் பெகின் தலைமை தாங்கினார். அவர்கள் பயந்தது இதைத்தான்: கடனை அடைத்ததும் குற்றமும் தீர்ந்துவிட்டது என்று ஜெர்மனி சொல்லிக்கொள்ளுமோ? வேர்கெல்ட் காலத்து ஜெர்மானியருக்கு இந்தப் பயம் புரிந்திருக்காது. பணம் கட்டினால் விவகாரம் முடிந்தது என்பதுதான் அவர்கள் சட்டம்.

இப்போது அந்தப் பத்திரிகை விளக்கத்துக்கு வருவோம். கடனும் குற்றமும் ஒரே சொல் என்பதால் ஜெர்மனி கடன் வாங்க அஞ்சுகிறது என்றால், டச்சு மொழியில் 'ஸ்கல்ட்', ஸ்வீடிஷில் 'ஸ்குல்ட்' என்று இதே சொல்லை இதே இரட்டைப் பொருளில் வைத்திருக்கும் எல்லா நாடுகளும் எல்லாக் காலத்திலும் ஒரே மாதிரி நடந்திருக்க வேண்டும். நடக்கவில்லை. ஜெர்மனியிலேயே, கிரேக்கத்துக்குப் பாடம் எடுத்த 2010-ல் பொதுக்கடன் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 80 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. ஐரோப்பிய வரம்பு 60. சொல் எதையும் தடுக்கவில்லை. ஜெர்மனியின் சிக்கனக் கொள்கைக்குக் காரணம் தேடுபவர்கள் 1923-ன் பணவீக்க நினைவையும், ஏற்றுமதியை நம்பிய பொருளாதாரத்தையும், மூப்படையும் மக்கள்தொகையையும், யூரோவின் விதிகளையும் பார்க்க வேண்டும்.

சொல்லின் எடை வேறொரு இடத்தில் தெரிகிறது: எதற்கு அந்தப் பெயர் வைக்கிறார்கள், எதற்கு வைக்காமல் தவிர்க்கிறார்கள் என்பதில். வங்கி விளம்பரங்கள் 'கிரெடிட்' தருவதாகச் சொல்லும், ஷுல்டன் தருவதாகச் சொல்லாது. அரசியல் சட்டத்தில் 2009-ல் சேர்த்த பட்ஜெட் விதி, மத்திய, மாநில வரவுசெலவைக் 'கிரெடிட் வழி வருவாய் இல்லாமல்' சமன்செய்ய வேண்டும் என்றுதான் எழுதப்பட்டிருக்கிறது. 2025 வரை மத்திய அரசுக்கு மட்டும் உற்பத்தியில் 0.35 சதவீதம் வரை அனுமதி இருந்தது. ஊரெல்லாம் அதற்கு வைத்த பெயர் 'ஷுல்டன் பிரேக்'. 231-ஆம் பிரிவுக்கு நடந்ததுபோலவே, வாசகத்தில் இல்லாத சொல்லைப் பொதுப்பேச்சு ஒட்டிவைத்தது. அப்படி ஒட்டிய பிறகு, அந்த விதியைத் தளர்த்தக் கேட்பவர் எழுந்து பேசும்போதே தற்காப்பு நிலையில் இருக்க வேண்டியதாயிற்று.

2023 நவம்பர் 15 அன்று, கொரோனா காலத்தில் அனுமதித்த 60 பில்லியன் யூரோ கடன் வாய்ப்பைப் பருவநிலை நிதிக்கு மாற்றியது செல்லாது என்று அரசியல் சட்ட நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஷோல்ஸின் கூட்டணி அந்த அடியிலிருந்து எழவே இல்லை. 2024 நவம்பர் 6 அன்று, கூடுதல் கடனுக்கு மறுத்த நிதியமைச்சர் கிறிஸ்டியன் லிண்ட்னரை அவர் நீக்கியதோடு கூட்டணி முறிந்தது. அடுத்த மார்ச்சில், பாதுகாப்புச் செலவுக்கு விதிவிலக்கு தரவும், உள்கட்டமைப்புக்காக 500 பில்லியன் யூரோ தனியாகத் திரட்டவும் அரசியல் சட்டத்தையே நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் மூன்றில் இரண்டு பங்கு பெரும்பான்மையோடு திருத்தின. அந்த 500 பில்லியன் முழுவதும் கடனாக வாங்குவதற்கு அனுமதிக்கப்பட்ட தொகை. சட்டத்தில் அதன் பெயர் 'ஸொண்டர்ஃபெர்ம்யோகன்', அதாவது சிறப்புச் சொத்து. எதிர்த்துப் பேசியவர்கள் அதை ஷுல்டன் என்றார்கள்.